ஏலூர்த் துறையில் ஒரு மாலை

பெரியாறு கிளைபிரிந்து சூழ்ந்திருக்கும் தீவூர் ஏலூர். மட்டாஞ்சேரியில் வாழும் நாம், சென்ற ஞாயிறன்று தெற்குச் சிற்றூர்த் துறையில் நீர் மெட்ரோப் படகேறிக் குடும்பத்துடன் அங்குச் சென்றோம். சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று நிறுவ, 1947-இல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலை இவ்வூரில்தான் உள்ளது.

ஆற்றைக் காணச் சென்றோமே தவிர, மைந்தன் கண்டது கைபேசியைத்தான். முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றி முகநூலில் எவரோ தமிழரை இழித்தெழுத, அவனும் ஏட்டிக்குப் போட்டியாக எழுதிக்கொண்டிருந்தான். 1895-இல் கட்டி முடிந்த அவ்வணை இதே ஆற்றின் மேற்பகுதியில் நிற்பதாயிற்றே! 2021 அக்டோபரிலும் இத்தகைய சொற்போர் மூண்டது. எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தாருடன் சில வாரங்கள் முகங்கொடுத்துப் பேச இயலாது நாம் பட்ட கூச்சத்தை நேயர்கள் பலரும் உணர்வர்.

“முகநூலை விட்டே விலகிவிடுவோமே” என்றார் இல்லத்தரசியார்.

உடனே இசைய மனம் வரவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அகப்பட்டோரின் இருப்பிடத்தை மீனவர் படகுகளுக்கு அறிவிக்கக் கைபேசிச் செய்திகள் பெரிதும் உதவினவே! அணை உடையப்போகிறதென்ற பொய்க்குரல் பரவியதும் அதே நாள்களில், அதே வழியில்தான். 2024 மே மாதம் இவ்வாற்றில் மீன்கள் செத்து மிதந்த காட்சியையும் நாம் முதலில் கண்டது முகநூலிலேயே.

படகுக்குக் காத்திருக்கையில் முடிவு செய்தோம்: சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவும் தெருவார் குழுவும் இருக்கட்டும், முகநூல் மூன்று திங்கள் மூடியிருக்கட்டும். மைந்தன் முணுமுணுத்தான். ஆயினும், எழுதிய மறுமொழியை அனுப்பாமல் அழித்துவிட்டுப் படகேறினான்.