லவ்லெஸ்: இரைச்சலுக்குள் ஒரு மெட்டு

மை பிளடி வேலன்டைன் இசைக்குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பம் 1991 நவம்பரில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. 1983-ல் டப்ளினில் தொடங்கி, பின்பு லண்டனுக்குக் குடிபெயர்ந்த குழு அது. ஆல்பத்தில் 11 பாடல்கள். முழுவதையும் கேட்டு முடிக்க 50 நிமிடம்கூட ஆகாது. ஆனால் பதிவு செய்வதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஸ்டூடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. மனத்தில் கேட்ட ஒலி கையில் வரும்வரை குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் விடவில்லை.

முதல்முறை கேட்பவருக்கு எண்ணற்ற கிட்டார்கள் ஒரே சமயத்தில் முழங்குவதாகத் தோன்றும். உண்மையில் அடுக்குகள் அவ்வளவு இல்லை; வாசித்த விதம்தான் வேறு. ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் கிட்டார்களில் தந்திகளின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ட்ரெமலோ என்ற தண்டு உண்டு. பலரும் அதை எப்போதாவது ஒரு சுரத்தை வளைக்கத்தான் தொடுவார்கள். ஷீல்ட்ஸ் அதைப் பிடித்தபடியே தந்திகளை மீட்டினார். ஒவ்வொரு வீச்சிலும் ஒலி முழுவதுமே சுருதியிலிருந்து இம்மியளவு நழுவி மீள்கிறது. ‘டு ஹியர் நோஸ் வென்’ பாடலில் இந்த நழுவல் உச்சத்தைத் தொடுகிறது. எங்கே நிற்கிறோம் என்று காது தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் இந்த ஆல்பத்தின் இன்பம் இருக்கிறது.

குழுவின் பாடகி பிலிண்டா புட்சர் பல பாடல்களைத் தூக்கத்திலிருந்து எழுந்த கையோடு பாடினார். பல முறை பாடிப் பதிந்தவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்ததால் சொற்கள் கரைந்து குரல் மட்டும் எஞ்சியது. பாடல் வரிகள் புரியவில்லை என்ற குறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது பெரிய குறையல்ல. திரும்பத் திரும்பக் கேட்கும்போது வரிகளுக்கு முன்பாக மெட்டு மேலே வருகிறது. இரைச்சலுக்கு அடியில் இருப்பவை எளிய, இனிய பாப் மெட்டுகள் என்பது அப்போது தெரியும். ‘வென் யூ ஸ்லீப்’ அதற்கு நல்ல சாட்சி.

டிரம்மர் கோல்ம் ஓ கியோசோய்க் பதிவின்போது நோயுற்றிருந்ததால், அவர் வாசித்த துண்டுகளைச் சாம்ப்ளர் என்ற கருவியில் கோத்துத்தான் பெரும்பாலான தாளங்கள் உருவாயின. கடைசிப் பாடலான ‘சூன்’ பாடலின் தாளமோ நடன அரங்குக்கே பொருந்தும்.

ஆல்பம் வெளியானபின் கிரியேஷன் நிறுவனம் குழுவைக் கைவிட்டது. அடுத்த முழு ஆல்பம் ‘எம் பி வி’ 2013 பிப்ரவரியில்தான் வந்தது. அதன் தொடக்கப் பாடல்களில் பழைய கிட்டார் அசைவு அப்படியே தொடர்கிறது. இறுதியில் வரும் ‘வொண்டர் 2’ மட்டும், விரைந்தோடும் டிரம் அண்ட் பேஸ் தாளத்தோடு, ‘லவ்லெஸ்’ போகாத திசையில் போகிறது.