எந்த மூட்டை, எந்த பாக்கெட்?

கம்பு, கேழ்வரகு, தினை எல்லாம் எங்கள் காட்டில் விளைவதுதான். நிலக்கடலைப் பருப்பும் பொட்டுக்கடலையும் மட்டும் வெளியில் வாங்குவோம். ஆறு வருடமாகச் சத்துமாவு அரைத்து விற்கிறேன். கணக்கு முழுக்க அடுப்படி காலண்டரில்தான்.

போன ஆவணியில் ஒரு கடைக்காரர் போன் செய்து, "அக்கா, மாவுல சிக்கு வாடை அடிக்குது" என்றார். கை கால் ஓடவில்லை. கடலைதான் காரணம். புது மூட்டை முன்னால் கிடந்ததால் அதையே எடுத்து அரைத்திருக்கிறேன். பழசு நான்கு மாதம் மூலையில் கிடந்து, கடைசியில் அதுவும் மாவில் சேர்ந்துவிட்டது. எத்தனை பாக்கெட்டில்? காலண்டரில் 'மாவு 40 கிலோ' என்று மட்டும் இருந்தது. லேபிளில் பேட்ச் எண் உண்டு, சட்டத்துக்காகப் போட்டது. எல்லா பாக்கெட்டிலும் ஒரே எண்!

பதினொரு கடையிலிருந்தும் 86 கிலோவைத் திரும்ப எடுத்தோம். மாட்டுக்கும் வைக்கவில்லை. கடலையில் பூஞ்சை இருந்தால் அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். குழி வெட்டி மூடினோம்.

அப்புறம்தான் மகள் போனில் ஒரு சரக்குக் கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தாள். மூட்டை வந்ததும் தேதி, எடை, யாரிடம் வாங்கியது எல்லாம் பதிய வேண்டும். அரைக்கும்போது எந்த மூட்டையில் எத்தனை கிலோ எடுத்தோம், அந்த பேட்ச் எந்தக் கடைக்குப் போனது என்பதையும் சேர்க்க வேண்டும். முதலில் தீர்க்க வேண்டிய மூட்டையை அதுவே காட்டுகிறது.

ஆரம்பத்தில் கணக்கு ஒட்டவே இல்லை. 40 கிலோ தானியத்தைப் புடைத்து, வறுத்து, அரைத்தால் 37 கிலோதான் மாவு; அந்தச் சேதாரத்தை நாங்கள் பதியவில்லை. மாமியார் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு கிலோ எடுத்துக் கொடுத்தால் போனுக்கு எப்படித் தெரியும்? இப்போது அவரே கூப்பிட்டுச் சொல்கிறார். மாவு அரைத்து விற்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நோட்டில் இரண்டு மாதம் இப்படி எழுதிப் பாருங்கள். நோட்டில் எழுதாத கை போனிலும் எழுதாது.

தை மாதம் ஒரு கடையில் வண்டு என்றார்கள். எண்ணைக் கேட்டுத் தட்டினேன். அந்த பேட்ச் இரண்டு கடைக்குத்தான் போயிருந்தது. அதில் போட்ட கம்பு மூட்டை வேறு எதிலும் சேரவில்லை. 22 பாக்கெட்டை அன்று சாயங்காலமே எடுத்துவந்துவிட்டோம்.

ஆவணியில் போன் செய்தவர் மட்டும் இன்னும் நம் மாவை வாங்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சாம்பிள் பாக்கெட் வைத்துவிட்டு வருகிறேன்.