32767-க்கு அடுத்த எண்

32767-க்கு அடுத்த எண் என்ன என்று கேட்டால், என் வயதுக் கோவைப் பொறியாளர்கள் பலர் யோசிக்காமல் -32768 என்பார்கள். டர்போ சி-யில் படித்தவர்களின் கணக்கு அது. இன்ட் என்று ஒரு மாறியை அறிவித்தால் அந்தக் கம்பைலர் 16 பிட் இடம்தான் கொடுக்கும். இடம் நிரம்பியதும் எண் கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டு எதிர்முனைக்குப் போய்விடும். இன்றைய ஜிசிசி-யில் இன்ட் 32 பிட், அதே நிரல் சமர்த்தாக 32768 என்று சொல்லும். இரண்டுமே சி மொழிதான். இன்ட் குறைந்தது 16 பிட்டாவது இருக்க வேண்டும் என்பதோடு தரநிலை நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் கம்பைலர் பார்த்துச் செய்வது.

2007-ல், கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், அந்த நீலத் திரையின் முன் நானும் உட்கார்ந்திருந்தேன். போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி-யை டாஸுக்காக 1987-ல் வெளியிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இருந்த டர்போ சி++ 3.0, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. சி++ மொழிக்கு முதல் ஐஎஸ்ஓ தரநிலை வந்ததோ 1998-ல். இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்பே வந்த கம்பைலரை வைத்து, இலக்கணம் வந்து ஒன்பது வருடம் கழித்து, நாங்கள் அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆரம்பத்தில் திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் திரை ஓடிவிடாமல் இருக்க ஒரு கெட்ச். ரெக்கார்டு நோட்டில் இவை இல்லாவிட்டால் கையெழுத்து கிடைக்காது. இரண்டுமே சி மொழியின் பாகம் இல்லை, கோனியோ என்ற டாஸ் நூலகத்தின் சரக்கு என்பதை யாரும் சொல்லவில்லை. நண்பன் ஒருவன் பெங்களூரில் வேலைக்கான தேர்வில் லினக்ஸ் கணினி முன் உட்கார்ந்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கம்பைலர் சொன்னதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். இரண்டாம் வருடம் முழுக்க நிரல் எழுதியவன் அவன்.

எக்ஸ்பி வரைக்கும் வண்டி ஓடியது. 32 பிட் விண்டோஸுக்குள் டாஸ் நிரல்களுக்கென்று ஒரு பொய்க் கணினி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய டாஸ் நிரலை ஓட்ட அந்தப் பொய்க் கணினி நம்பியிருந்த வசதி, சிப் 64 பிட் முறையில் ஓடும்போது கிடையாது. பசங்க கையில் விண்டோஸ் 7 லேப்டாப் வந்ததும் டர்போ சி திறக்கவே மறுத்தது. சரி, இனிமேலாவது மாற்றுவார்கள் என்று நினைத்தால், பென் டிரைவில் 'விண்டோஸ் 7-க்கான டர்போ சி' சுற்ற ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே டாஸ்பாக்ஸ். பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஆடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. டேவ் விளையாடுவதற்கு உதவியதை வைத்து செமஸ்டர் செய்முறைத் தேர்வு நடந்தது. அப்போதே இலவசமாகக் கிடைத்த ஜிசிசி-யை நிறுவ அரை மணி நேரம் போதும். ஆய்வகக் கையேட்டைத் திரும்ப எழுதத்தான் யாருக்கும் நேரமில்லை. என்னைக் கேட்டால் அது மாணவர்களுக்குச் செய்த அநியாயம்.

ஆனால் பழைய கம்பைலரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். கணபதியில் பம்ப் செய்யும் பட்டறை ஒன்றிலிருந்து சில வருடங்களுக்கு முன் அழைப்பு வந்தது. தூரத்துச் சொந்தம். தயாரான பம்ப்பைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சோதித்துத் தாள் அச்சடித்துத் தரும் நிரல் அவர்களிடம் இருந்தது. பாலிடெக்னிக் முடித்த ஒருவர் 1997-ல் டர்போ சி-யில் எழுதியது. விண்டோஸ் 98 கணினி, உள்ளே பழைய ஐஎஸ்ஏ கார்டு. அந்தக் காலத்தில் நிரல் நேராகக் கார்டோடு பேசலாம். எக்ஸ்பி-யில் இயங்குதளம் நடுவில் நின்று தடுக்கும். புதிய மதர்போர்டுகளில் அந்தக் கார்டைச் செருக இடமே இல்லை. கணினியின் மூச்சு நிற்கப்போகிறது என்று தெரிந்து, ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் புதிய விண்டோஸுக்கு மாற்றி வாங்கியிருந்தார்கள். கார்டுக்குப் பதில் ஒரு யூஎஸ்பி பெட்டி. நிரல் அதேதான், கம்பைலர் மட்டும் புதிது.

"ஏனுங் தம்பி, நல்லாத்தான் ஓடுது. திடீர்னு ஒருக்கா ஆத்துத் தண்ணி முழுக்க இந்த பம்ப்புல வர்ற மாதிரி காட்டுதுங்க," என்றார் உரிமையாளர்.

"எப்பெல்லாம் வருதுங்ண்ணா?"

அவருக்குத் தெரியவில்லை. டெஸ்ட் பெஞ்ச்சில் நிற்கும் பெரியவர் வால்விலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "பத்து பதினோரு நிமிசத்துக்கு ஒருக்கா சாமி. அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொன்னேன், காதுல போட்டுக்கல."

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. ஃப்ளோ மீட்டரிலிருந்து நொடிக்கு நூறு துடிப்பு வாக்கில் வந்துகொண்டிருந்தது. எண்ணி 16 பிட். 65535 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்பும். நூறு நூறாகப் போனால் அதற்கு ஆகும் நேரம் பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மூல நிரலில், இப்போதைய எண்ணிக்கையிலிருந்து முந்தையதைக் கழிக்கும் வரி ஒன்று. முந்தையது 65500, இப்போதையது 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ சி-யின் 16 பிட் அன்சைன்டு இன்ட்டில் கழித்தால் விடையும் கூடவே சுற்றிக்கொண்டு, சரியாக 100 வரும். எழுதியவர் இதைத் தெரிந்து நம்பினாரா, தற்செயலாக அமைந்ததா என்று சொல்ல முடியாது, பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை. அதே வரியைப் புதிய கம்பைலரில் போட்டால் அன்சைன்டு இன்ட் 32 பிட். விடை 4294901860. ஒரே நொடியில் 429 கோடித் துடிப்பு. ஆறு முழுக்க வரத்தானே செய்யும்!

கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. இலக்கணப்படி பிழை இல்லாத வரி அது. ஓடாத நிரலாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இது ஓடியது, பதினோரு நிமிடத்துக்கு ஒரு நொடி தவிர. அந்த நொடியில் தாள் அச்சடித்த பம்ப் எல்லாம் கழிவில் போய், பிரித்து மறுபடி கோக்கப்பட்டிருக்கிறது. வைண்டிங்கில் கோளாறு என்று ஒரு பையனைத் திட்டியும் இருக்கிறார்கள்.

விடையை 16 பிட்டுக்குள் அடைக்கும்படி அந்த ஒரு வரியைத் திருத்தினேன். அதன்பிறகுதான் பெரிய வேலை. இப்படி வேறு எங்கெல்லாம் அந்த நிரல் பழைய கம்பைலரின் சுபாவத்தில் சாய்ந்துகொண்டிருக்கிறது? பழைய ஹார்டு டிஸ்கில் சோதனை அளவுகள் கோப்புகளாக இருந்தன. அவற்றை டாஸ்பாக்ஸில் பழைய நிரலுக்கும், வெளியே புதிய நிரலுக்கும் ஊட்டி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பெரியவர் பழைய தாளை வாசிக்க, நான் புதிய தாளில் டிக் அடித்தேன். சில இடங்களில் திறன் சதவீதத்தின் கடைசி தசமம் ஒன்று கூடக்குறைய இருந்தது. "அது கெடக்குது, வால்வைத் தொட்டாலே அதுக்கு மேல மாறும்," என்றார்.

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். ஆறு மாதம் இருக்கட்டுங்ண்ணா என்றேன்.