ஆலயத்தின் நிலவறையில் ஒரு பயிற்சி





மலைப்பிரசங்கத்தைக் குறித்துப் பேசும் ஒவ்வொரு முறையும், ஆராதனை முடிந்தபின் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்பதுண்டு: "ஐயா, சத்துருவை நேசிக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அவன் முகத்துக்கு நேரே நின்று அவமானப்படுத்தும்போது அதை எப்படிச் செய்வது?" நேர்மையான கேள்வி. ஜெபியுங்கள், ஆண்டவர் பெலன் தருவார் என்று சொல்லலாம்; அது உண்மையும்கூட. ஆனாலும் கேட்டவருக்கு இன்னும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. அந்த ஏதோ ஒன்றைத் தேடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒரு சக போதகர். அவர் பெயர் ஜேம்ஸ் லாசன்.

அமெரிக்காவில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாக 1928ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினத்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது, காரில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்ட, இவர் அவனை அறைந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். சமையல் வேலையில் இருந்த அந்தத் தாய், அடித்ததனால் என்ன நன்மை விளைந்தது என்று மட்டும் கேட்டார். இதைவிட மேலான ஒரு வழி இருந்தாக வேண்டும் என்றார். அந்த வழியைத் தேடுவதே மகனுடைய வாழ்நாள் ஊழியமாயிற்று.

கொரியப் போர்க் காலத்தில், படையில் சேர மனச்சாட்சி இடங்கொடாததால் அவர் 13 மாதங்கள் சிறையில் இருந்தார். விடுதலையானபின் 1953இல் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக நம் நாட்டுக்கு வந்தார். நாக்பூரில் உள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் பணிபுரிந்தபடியே காந்தியடிகளின் சத்தியாகிரகத்தை ஊன்றிப் படித்தார். மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போகும் செய்தியை அவர் வாசித்ததும் நாக்பூர் நாளிதழில்தான். ஊர் திரும்பியபின் 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். படிப்பு முடிந்ததும் தெற்கே வருவதாகச் சொன்னவரிடம், காத்திராமல் இப்போதே வரும்படி கிங் கேட்டுக்கொண்டார்.

அப்படியே லாசன் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குச் சென்று, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். அந்த நகரத்துக் கடைகளில் கறுப்பினத்தவர் பணம் கொடுத்துத் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம்; ஆனால் அதே கடைக்குள் இருக்கும் சிற்றுண்டிப் பகுதியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. இதை மாற்ற விரும்பிய மாணவர்களை லாசன் கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் ஆலயத்தின் நிலவறையில் கூட்டினார்.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். சிலர் அமர்ந்தார்கள், மற்றவர்கள் தாக்குபவர்களாக நடித்தார்கள். காதில் கூசாமல் வசை பாடினார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதினார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். விழுந்தவர் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிப்பவனுடைய கண்களை எப்படி நோக்குவது, வாய்வரை வரும் பதிலை எப்படி அடக்குவது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழகினார்கள். வாரந்தோறும் இந்தப் பயிற்சி நடந்தது. அங்கே பயின்றவர்களில் ஜான் லூயிஸ் என்ற இளம் இறையியல் மாணவரும், டயான் நாஷ் என்ற மாணவியும் இருந்தார்கள்.

பிரியமானவர்களே, என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது இந்த இடம்தான். பாடகர் குழு ஒரு பாட்டுக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம். மன்னிப்பு மட்டும் சமயம் வரும்போது தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறோம். கிருபை தேவனுடைய ஈவு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈவை ஏந்துவதற்குக் கைகளைப் பழக்க வேண்டியிருக்கிறது. அந்த மாணவர்கள் அன்பை ஓர் உணர்ச்சியாக மட்டும் கருதாமல், ஒரு கைத்தொழிலைப் போலக் கற்றார்கள்.

1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் நல்லுடை உடுத்தி, பாடப் புத்தகங்களோடு சென்று அந்தச் சிற்றுண்டிப் பகுதிகளில் அமர்ந்தார்கள். இரண்டு வாரங்களுக்குப் பின் அவர்கள் அடிக்கப்பட்டபோது, காவலர்கள் கைது செய்தது அடித்தவர்களை அல்ல, அடிபட்டவர்களை. ஒரு வரிசையைக் கைது செய்து கொண்டுபோனால், அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது.

மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. இறையியல் கல்லூரியில் பயின்றவன் என்ற முறையில் இந்தப் பகுதியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. மலைப்பிரசங்கத்தைப் பாடமாக நடத்தும் நிறுவனம், அதன்படி நடந்த மாணவரைத் தாங்கவில்லை. எனினும் இறையியல் பேராசிரியர்களில் பலர் அவருக்காகத் தங்கள் பதவி விலகல் கடிதங்களைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெடுங்காலத்துக்குப் பின், 2006இல், அதே பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. அவரும் கசப்பின்றிச் சென்றார்.

ஏப்ரல் 19 அதிகாலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகரமன்றத்துக்கு நடந்தார்கள். அதன் படிகளில் நின்று டயான் நாஷ், நிறத்தை வைத்து ஒரு மனிதரை ஒதுக்குவது சரியா என்று மேயர் பென் வெஸ்டிடம் நேருக்கு நேர் கேட்டார். மேயர் அது சரியல்ல என்று ஒப்புக்கொண்டார். மே 10 அன்று நகர மையத்துக் கடைகள் ஆறின் சிற்றுண்டிப் பகுதிகள் எல்லோருக்கும் திறந்தன.

இதை வாசிக்கும் ஒருவர், அப்படியானால் அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் கிறிஸ்தவமா என்று கேட்கலாம். இல்லை. வீட்டில் அடிபடும் சகோதரியிடம் அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வேதமும் அதைச் சொல்லவில்லை. அந்த மாணவர்கள் அநீதிக்குப் பணியவில்லை. அதன் எதிரே தாங்களே சென்று அமர்ந்து, எல்லோரும் காணும்படி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் நம் ஆண்டவரை அறைந்தபோது அவர் என்ன செய்தார்? திருப்பி அடிக்கவில்லை; மௌனமாயிருந்து அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தம்மிடம் குற்றம் உண்டானால் காட்டும்படியும், இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்டார். கை ஓங்காமல் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியின் எதிரொலியை, நகரமன்றப் படிகளில் நின்ற அந்த மாணவியின் கேள்வியில் நான் கேட்கிறேன்.

பயிற்சியைச் சிறியதிலிருந்து தொடங்கலாம். இந்த வாரம் உங்களைப் புண்படுத்தக்கூடியவர் யாரென்று உங்களுக்கு முன்னமே தெரியும். அவர் சொல்லப்போகும் வார்த்தையும் அநேகமாகத் தெரியும். அந்த நேரம் வருமுன்னரே, ஜெப அறையில் அந்த வார்த்தையை ஆண்டவர் முன்பாகச் சொல்லிப் பாருங்கள். திருப்பித் தாக்காமலும் உண்மையை மறைக்காமலும் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று அவரிடம் விசாரியுங்கள். தனியே முடியாவிட்டால், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். நாஷ்வில் மாணவர்களும் தனியாகக் கற்கவில்லை.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, அடிபட்டும் கசப்படையாத உம்முடைய குமாரனின் சிந்தையை எங்களுக்குத் தாரும். கோபம் மூளும் நேரத்துக்கு முன்பே எங்கள் நாவையும் கைகளையும் பழக்குவியும். அநீதியைக் கண்டு ஒதுங்கிப் போகாமல், அன்போடு அதை எதிர்கொள்ளும் தைரியத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.