நட்ட கணக்கும் பிழைத்த கணக்கும்

தூத்துக்குடிக் கடலில் நடக்கும் பவளப்பாறை மீட்புப் பணியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதுவரை எத்தனை துண்டுகள் நட்டிருக்கிறார்கள் என்பதுதான். அறிக்கைகளும் செய்தித்தாள்களும் அந்த எண்ணையே தலைப்பில் போடுகின்றன. பணியை அருகிலிருந்து கவனித்தால் வேறொன்று புலப்படுகிறது. கடலுக்குள் இறங்குகிறவர்களின் நேரத்தில் பெரும்பகுதி நடுவதில் கழிவதில்லை, பார்ப்பதில் கழிகிறது. அளவு நாடாவைப் பாறைமேல் விரித்து, அதன் கீழே எது உயிரோடிருக்கிறது, எது வெளுத்திருக்கிறது, எதைப் பாசி மூடியிருக்கிறது என்று நீருக்கடியில் எழுதும் பலகையில் குறித்துக்கொண்டே நகர்கிறார்கள். பவளத்தைப் பிழைக்க வைக்கும் கலையின் உயிர்நாடி இந்தப் பார்வைதான் என்பது என் முடிவு. நோய் என்னவென்று அறியாமல் நடப்படும் துண்டு, முன்பு அங்கிருந்த பவளத்தைக் கொன்ற அதே காரணத்தால் சாகும். ஆகவே நட்ட கணக்கைவிடப் பிழைத்த கணக்கையே நாம் கேட்க வேண்டும்.

இந்தக் கடலின் நோய் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் அவை கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுகளைச் சுற்றி ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த பவளப்பாறைகளில் 32 சதுர கிலோமீட்டர் வரை கல்லெடுப்பால் அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுமானத்துக்கும் ஆலைகளுக்கும் படகு படகாகப் பவளக்கல் போயிற்று. பாறை உருவாக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தீவுகளும் பாறைகளும் கரைக்கு என்ன அரண் என்பது ஊருக்கே விளங்கியது. கல்லெடுப்பதும் ஏறக்குறைய நின்றது. காரணம் நின்ற பிறகுதான் மருந்துக்குப் பொருள் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல் தொடங்கிய மீட்புப் பணி நிலைபெற்றதில் இந்த நிறுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கைவேலை பார்ப்பதற்கு எளிது. நலமாக உள்ள பவளக் கூட்டிலிருந்து கிளைத்துண்டுகளை எடுக்கிறார்கள். தாய்க்கூடு நலியாதபடி சிறிதளவே எடுக்க வேண்டும். துண்டைச் சிறு சிமென்ட் வில்லையில் நைலான் நூலால் கட்டி, வில்லைகளைக் கடலடியில் வைத்த சிமென்ட் சட்டங்களில் பொருத்துகிறார்கள். கட்டு தளர்ந்தால் அலையில் துண்டு ஆடும். ஆடுகிற துண்டு ஒட்டாது. நல்ல நீரில் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அருமையான கைத்திறன்தான் இது, ஆனால் கற்றுக்கொடுத்துவிடலாம். எந்த இடத்தில் கட்டுவது, எந்தத் தாய்க்கூட்டிலிருந்து எடுப்பது, எந்த மாதத்தில் கை வைக்காமல் இருப்பது என்ற அறிவு அப்படி வருவதில்லை. அது அந்தந்தப் பாறையைப் பல பருவங்கள் கண்டவர்களிடமே இருக்கிறது.

வெண்மை என்ற ஒரே அறிகுறியை எடுத்துக்கொள்வோம். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையால் அவை செய்யும் உணவே பவளத்தின் தேவையில் 90 விழுக்காடு வரை நிறைவு செய்யும். நிறமும் பெரும்பாலும் அவற்றால்தான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. அப்போது கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அந்தப் பவளம் பட்டினி கிடக்கிறது, ஆனால் உயிரோடிருக்கிறது. இன்னொரு வெண்மை, நத்தை சதையைத் தின்றுவிட்டு நகர்ந்த தடம். அங்கே வெறும் எலும்புதான் மிஞ்சியிருக்கும். மூன்றாவது, நோயால் சதை உரிந்து விளிம்பு விளிம்பாக முன்னேறும் வெண்பட்டை. தொலைவிலிருந்து மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதைத் தொடாமல் விட வேண்டும், இரண்டாவதில் நத்தைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும், மூன்றாவதில் அந்தக் கூட்டிலிருந்து ஒரு துண்டையும் எடுத்து வேறிடத்தில் நடக்கூடாது. மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் மீட்புப்பணியே நோயைப் பரப்பும் வழியாகிவிடும். இந்தத் தீவுகளில் ஒன்றான குருசடையருகே வேறொரு நோய்முதல்: வளர்ப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் பாசி பரவிப் பவளங்களைப் போர்த்தியது 2008-இல் ஆய்விதழில் பதிவானது. அதைக் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் திரும்ப முளைக்கும். அங்கே ஆயிரம் துண்டு நட்டாலும் அந்தப் பாசிக்குப் படரக் கொம்பு கொடுத்ததாகவே முடியும்.

நோயறிதலே முதன்மை என்பதற்கு வலுவான சான்று வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளிலும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பவளத்தை வீட்டில் வளர்ப்பவர்கள் ஏராளம். தொட்டியில் எல்லாம் வளர்ப்பவர் கையில் இருக்கிறது: வெப்பம் 25, 26 டிகிரி, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில், ஒளியும் நீரோட்டமும் வேண்டியபடி. இருந்தும் பவளம் சாகிறது. கை தேர்ந்தவர்கள் சொல்லும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றே: முதலில் நீரைச் சோதி, எது மாறியது என்று கண்டுபிடி, மாற்ற வேண்டியதை மெல்ல மாற்று. காரத்தன்மை குறைந்தது கண்டு ஒரே நாளில் ஏற்றினால் சதை கருகும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே நீக்கினால் பவளம் பட்டினியில் வெளிறும். சதைதின்னும் தட்டைப்புழு இருக்கும்போது மருந்துநீரில் முக்கினால் புழு விழும், முட்டை விழாது. அதனால் முட்டை பொரிக்கும் காலம் கணித்து மறுபடி முக்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டுப்படுத்த முடிந்த இடத்திலேயே நோயறிதல் இத்தனை முக்கியம் என்றால், எதையும் கட்டுப்படுத்த முடியாத கடலில் அது எவ்வளவு முக்கியம்! புளோரிடாவில் 2014 முதல் பரவும் சதை உரிதல் நோய்க்கு, முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் விளிம்பில் பூசுகிறார்கள். பூசிய புண் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதே கூட்டில் வேறிடத்தில் புதுப்புண் வருவதை அது தடுப்பதில்லை. ஆகவே பூசியவரே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்து இருக்கும் இடத்திலும் கண்காணிப்பு தீர்வதில்லை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். கடலே சூடாகிக்கொண்டிருக்கும்போது நோயறிந்து என்ன பயன்? மறுப்பில் உண்மை இருக்கிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது. 2023 கோடையில் புளோரிடாவில், கடலில் வளர்த்து வந்த பவள நாற்றங்கால்களை அவசரமாகக் கரைத் தொட்டிகளுக்கு மாற்ற நேர்ந்தது. புவி வெப்பத்துக்குத் தூத்துக்குடியில் மருந்து இல்லை. ஆனால் வெளுத்த பவளம் எல்லாம் செத்துவிடுவதில்லை. சாதாரணக் கோடைகளில் இங்கே வெளுப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, நீர் குளிர்ந்ததும் நிறம் திரும்புகிறது. பட்டினி கிடக்கும் அந்த வாரங்களில் பவளத்தின்மேல் சேறு படிகிறதா, பாசி ஏறுகிறதா, அறுந்த வலை சுற்றிக் கிடக்கிறதா, பாசியை மேயும் கிளிமீன்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்பவை பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிக்கும் காரணங்களில் சேர்கின்றன. இவை நம் கைக்கு எட்டும் காரணங்கள். வெப்பத்தைத் தணிக்க முடியாது என்பதே, மற்றச் சுமைகளை இறக்கி வைக்க வேண்டியதற்கு முதல் நியாயம்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வெறும் மணலாகிப் போன இடங்கள் எப்போது பாறையாகும் என்று கேட்பார்கள். கல்லெடுத்த இடங்களில் இந்தக் கேள்வி நியாயமானது. கெட்டியான தளம் இல்லாமல் பவளக் குஞ்சுகள் ஒட்ட முடியாது. அவை உருளும் சல்லிகளில் நசுங்கிவிடும். அங்கே சிமென்ட் சட்டமும் நடவும் வேண்டும், இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தளம் போனதுதான் அங்கே நோய் என்று அறிந்ததால்தான் அந்த மருந்து பொருந்துகிறது. எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டிய அவசரம் வேறு விளைவைத் தரும். வேகமாக வளரும் மான்கொம்பு வகைகளை மட்டுமே நடத் தோன்றும். வெப்பத்தில் முதலில் வெளுத்துச் சாகிறவற்றில் அவையே முன்னிற்கின்றன. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. இரண்டு ஆண்டுத் திட்டத்தில் அவை கணக்கில் காட்டும்படி வளர்வதில்லை என்பதற்காக அவற்றை ஒதுக்குவது பாறைக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே பணத்தையும் மதிப்பையும் எங்கே வைக்க வேண்டும் என்பது தெளிவு. கச்சான் காற்றில் எந்தப் பக்கம் கலங்கும், வாடையில் எந்தப் பக்கம் தெளியும், எந்தப் பாரில் எப்போது மீன் குறைந்தது என்பதெல்லாம் இந்தக் கரையில் சங்கு குளித்தும் வலை வீசியும் வாழும் குடும்பங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வெண்மைகளைப் பிரித்தறியவும் குறிப்பெழுதவும் பயிற்சி கொடுத்து, திட்டம் முடிந்த பிறகும் ஆண்டு முழுவதும் கூலி கொடுத்து, அவரவர் தீவுக்கு அவரவரையே காவலர் ஆக்க வேண்டும். நடவுக்கு நிதி தரும் அரசும் நிறுவனங்களும், ஐந்தாண்டுக்குப் பிறகு எத்தனை உயிரோடிருக்கின்றன, செத்தவை எதனால் செத்தன என்று எழுதித் தர வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். வாசகருக்கும் பங்கு உண்டு. சட்டப் பாதுகாப்புள்ள இக்கடலின் பவளம் அலங்காரப் பொருளாகவோ தொட்டிக்கென்றோ விலைக்கு வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அடுத்த முறை ஆயிரக்கணக்கில் பவளம் நட்டதாகச் செய்தி படித்தால், முன்பு நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வலுத்தால்தான் இந்தப் பணியாளர்களின் பார்வைக்கு உரிய கூலி கிடைக்கும்.