ஆனைகட்டியில் கற்ற பாடம்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி என்னும் சிற்றூரை அடையலாம். மாங்கரையைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து மலையேறுகின்றது. ஊரின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலும், மறுபகுதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளன. எல்லையின் இருபுறமும் இருளர் மக்கள் தமக்கே உரிய மொழியைப் பேசி வாழ்கின்றனர்.

விடுமுறைக்கு மும்பையிலிருந்து வந்திருந்த நாங்கள், அண்ணன் குடும்பத்தாருடன் அங்குச் சென்றோம். விலங்கியல் பயிலும் அண்ணன் மகள், வருகிற அக்டோபரில் ஒரே ஒரு பருவம் படிப்பதற்காக ஜெர்மனிக்குச் செல்லவிருக்கிறாள். அண்ணனுக்கோ மனம் ஒப்பவில்லை. "பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. ஆறு மாதப் படிப்புக்குச் சேமநிதியில் கை வைப்பதா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையத்தின் பெயர்ப் பலகையைக் கண்டதும் அவள் நின்றாள். 1990-இல் நிறுவப்பெற்ற இம்மையம் இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்துடன் இணைந்துள்ளது. "அப்பா, இவரும் நம்மைப்போல் மும்பைக்காரர்தாம். இவரும் ஜெர்மனிக்குச் சென்று சிறிது காலமே படித்தார்" என்றாள்.

அவள் கூறியது உண்மையே. 1896-இல் பிறந்த சாலிம் அலிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை; அதனால் அரசாங்க வேலையொன்று கைநழுவியது. மும்பை அருங்காட்சியகப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் கற்றார். வடகடலிலுள்ள ஹெல்கோலாந்துத் தீவில், பறவையின் காலில் வளையமிட்டு அதன் வலசையை அறியும் முறையையும் பயின்றார். 1930-இல் திரும்பியபோது, பணமின்மையால் அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டிருந்தது.

"பார்த்தாயா?" என்றார் அண்ணன்.

"மேலே கேளுங்கள் அப்பா" என்றாள் மகள். வேலையிழந்த அவர் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1959-இல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய பறவை வலசை ஆய்வில், ஹெல்கோலாந்தில் கற்ற கலை பெரும்பயன் தந்தது. விதைத்தது முளைக்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின! அண்ணன் மறுமொழி கூறவில்லை.

பின்னர் எல்லை கடந்து தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்தோம். பலகைகள் மலையாளத்தில் இருந்தன. பெண் ஆங்கிலத்தில் தேநீர் கேட்டாள்; கடைக்கார அம்மையார் விழித்தார். நாங்கள் தமிழில் கேட்டதும் சிரித்த முகத்துடன் கொணர்ந்தார். "பத்தடி தாண்டியதற்கே இப்படியென்றால், பெர்லினில் என்ன செய்வாய்? நூறு ஜெர்மன் சொல்லாவது கற்றுக்கொண்டு போ" என்றோம். "சரி, சித்தப்பா" என்றாள்.

தம் மக்களை அனுப்பவிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஊரின் பெருமையை நோக்காமல், எந்த ஆசிரியரிடம் எந்தக் கலையைக் கற்கப்போகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்க. அங்கே எழுதும் பாடங்கள் இங்கே கணக்கில் கொள்ளப்படும் என்பதைப் புறப்படுமுன்னரே கல்லூரியிடம் எழுத்தில் பெறுக. எங்கள் குடியிருப்பில் ஒரு பிள்ளை வாய்ச்சொல்லை நம்பிச் சென்று, திரும்பியபின் அரையாண்டுப் பாடத்தை மீண்டும் எழுத நேர்ந்தது. ஜெர்மனியில் 90 நாட்களுக்கு மேல் தங்கிப் படிக்கத் தேசிய விசா வேண்டும். மருத்துவக் காப்பீடும் கட்டாயம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். எல்லாத் தாள்களுக்கும் ஒரு படி வீட்டிலும் இருக்கட்டும்.

அன்றிரவு அண்ணன், "தம்பி, சேமநிதி விண்ணப்பத்தை நீயே நிரப்பிக் கொடு. எனக்குக் கட்டங்கள் புரிவதில்லை" என்றார். ரெயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பதால் எங்களுக்கு அது கைவந்த தொழில். ஆனாலும் இவ்வளவு மகிழ்ச்சியோடு வேறெந்தத் தாளையும் நாங்கள் நிரப்பியதில்லை.