உங்களுக்கு என்ன வேணும்மா?

‘கவுன்சலிங்’ என்ற வார்த்தை இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. பையனுக்கு மார்க் குறைந்தால் கவுன்சலிங், புதுசாகக் கல்யாணமான ஜோடி சண்டை போட்டால் கவுன்சலிங். நல்லதுதான். ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். “புத்திமதி சொல்லுவாங்க” என்றுதான் முக்கால்வாசிப் பேர் பதில் சொல்வார்கள். புத்திமதி சொல்ல ஒரு படிப்பும் ஒரு அறையும் எதற்கு? மாமியாரும், எதிர்வீட்டு மாமியும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மாளும் அதை இலவசமாகவே சொல்லிவிடுகிறார்களே!

மயிலாப்பூரில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கூஜா தண்ணீர். அவ்வளவுதான் எங்கள் சொத்து. அங்கே வந்தவர்களிடமிருந்து நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். (யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒருவர் கேட்டு வருவது ஒன்றாக இருக்கும், அவருக்கு வேண்டியது வேறொன்றாக இருக்கும். சில சமயம் கேட்டதேதான் வேண்டியதாகவும் இருக்கும். எது என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களிடம் வருபவரை நாங்கள் ‘பேஷன்ட்’ என்று சொல்வதில்லை, ‘கிளையன்ட்’ என்போம். வக்கீலுக்குக் கட்சிக்காரர் மாதிரி. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் கார்ல் ரோஜர்ஸ் 1951-ல் வெளியிட்ட தம் புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தார். தன் கஷ்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் கஷ்டப்படுகிறவர்தான் என்பது அவர் கட்சி. 1957-ல் ஃபெலிக்ஸ் பியஸ்டெக் என்ற பாதிரியார் சமூக சேவகர்களுக்கு ஏழு விதிகளை எழுதி வைத்தார். வந்தவர்மேல் தீர்ப்புச் சொல்லாதே, ரகசியத்தைக் காப்பாற்று, முடிவை அவரே எடுக்கட்டும் என்பவை அவற்றில் மூன்று. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. எதிரே ஒருத்தி வந்து உட்காரும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும்.

சாப்பிடாத குழந்தை

மந்தைவெளியிலிருந்து ஒரு பெண், இரண்டரை வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “குழந்தை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது மேடம். டாக்டர் எடை சரியா இருக்குன்னு சொல்றார். ஆனா ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் போராட்டம்.” குழந்தை ஒரு பிஸ்கட்டைக் கொறித்தபடி என் மேஜை டிராயரை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

இதற்குச் சொல்ல நம்மிடம் எத்தனை வைத்தியம் இருக்கிறது! ராகிக் கஞ்சி, நெய் விட்ட பருப்பு சாதம், நிலாவைக் காட்டி ஊட்டுவது. நான் கேட்டது இதுதான்: “குழந்தை இருக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?”

அவள் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. கணவருக்கு வெளியூர் வேலை. ராத்திரியில் தூக்கம் போய் மாதக் கணக்காகிறது. சமையலறையில் நின்றபடியே காரணமில்லாமல் அழுகை. “சில நாள் ராத்திரி இதெல்லாம் போதும்னு தோணுது மேடம்.”

“செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வருகிறது. அவள் ஆமென்று தலையாட்டினாள். அவள் சம்மதத்தோடு அன்றைக்கே அவள் அக்காவை வரவழைத்தோம். மறுநாள் மனநல டாக்டரைப் பார்த்தாள். மருந்தும் பேச்சுமாகச் சில மாதங்களில் தேறினாள். குழந்தை அப்புறமும் சாப்பாட்டுக்கு அடம் பிடித்தது. அது குழந்தை சுபாவம்!

எங்கள் பகுதியை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ‘ஸ்நேகா’வைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். தற்கொலையைத் தடுப்பதற்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் ‘இப்படிச் செய், அப்படிச் செய்’ என்று சொல்வதில்லை. குறுக்கே பேசாமல் கேட்பதுதான் அவர்கள் தரும் உதவி. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிவைத்த வழி அது.

காபியில் கலக்கும் மாத்திரை

தியாகராய நகரிலிருந்து வந்த இன்னொரு பெண், கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டாள்: “காபியிலே தெரியாம கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்காமே, எங்கே கிடைக்கும்?” குடிக்கிற கணவருக்குத்தான்.

அப்படியொரு மருந்து இருப்பது நிஜம். டைசல்ஃபிரம் என்று பெயர். ஆனால் குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது அது. தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்துவிட்டால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தயவு செய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

இதை அவளிடம் சொல்லிவிட்டு, “ஒரு நாள் எப்படிப் போகுது, சொல்லுங்க” என்றேன். “ஆபீசுக்கு ஜுரம்னு நான்தான் போன் பண்றேன். கடனை நான்தான் அடைக்கிறேன். பசங்ககிட்ட அப்பாவுக்குத் தலைவலின்னு நான்தான் சொல்றேன்.” முக்கால் மணி நேரம் பேசினாள். அத்தனையும் அவரைப் பற்றித்தான். தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டபோது, “எனக்கா?” என்று திகைத்துப் போனாள்.

குடிப்பவர் ஒருவர்தான், ஆனால் நோய் வீட்டுக்கே. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1980-ல் கணவர் பெயரிலேயே ஒரு அமைப்பை ஆரம்பித்தார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனுடையது. அங்கே குடிப்பவருக்குச் சிகிச்சை கொடுப்பதோடு, மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை உண்டு. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசும் ‘அல்-அனான்’ குழுக்களும் சென்னையில் இருக்கின்றன.

“அவர் வராட்டா பரவாயில்லை, முதல்லே உங்களுக்காக நீங்க ஆலோசனைக்கு வாங்க” என்றேன். வந்தாள். ஆபீசுக்குப் பொய் சொல்வதை நிறுத்தினாள். எட்டு மாதம் கழித்து அவரும் சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

அரிசி முதலில்

மூன்றாவது பெண் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவள். கணவனை விட்டுப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருந்தாள். “எனக்கு ரேஷன் கார்டு வேணும். அவ்ளோதாம்மா.” பெயரெல்லாம் கணவன் கார்டில், வேறு பேட்டையில் கிடந்தது.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஆர்வத்தில், “மறுபடி சேர்ந்து வாழ முடியுமான்னு யோசிச்சீங்களா?” என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். “அது என் கவலை. கார்டு இருந்தா அரிசி வரும். அரிசி இருந்தா நான் யார் வூட்டு வாசல்லயும் நிக்க வேணாம்.”

இதற்குமேல் தெளிவாக யார் சொல்ல முடியும்? அவள் வார்த்தைக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று தோண்டுவது அவளை அவமதிப்பது. மனு எழுதினோம், காகிதங்களைச் சேர்த்தோம், நாலு தடவை ஆபீசுக்கு நடந்தோம். கார்டு வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவளே படியேறி வந்து, “இப்ப பேசலாம்மா” என்று உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் கணவன் அடித்ததைச் சொன்னாள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றியும், பாதுகாப்பு அதிகாரியிடம் மனுக் கொடுப்பதைப் பற்றியும் அன்றைக்குத்தான் பேசினோம். வயிற்றுக் கவலை தீர்ந்த பிறகு மற்றதைப் பற்றி நினைக்க அவளுக்குத் தெம்பு வந்திருந்தது.

நம் வீட்டில்

நம்மில் எல்லோரும் கவுன்சலர் ஆக வேண்டாம். ஆனால் மகளோ, மருமகளோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ மனசு கனத்து வந்து நிற்கும்போது சிலவற்றைச் செய்யலாம்.

அவள் சொல்லும் முதல் வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். “எனக்கும் இப்படித்தான்” என்று உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள். “நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்லே ஏதாவது செய்யணுமா?” என்று கேளுங்கள். “அப்போ உனக்கு இதுதான் கஷ்டம், இல்லையா?” என்று நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாக இருந்தால் அவளே திருத்துவாள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் நீங்களே தனியாகச் சுமக்க வேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

காலை காபியிலிருந்து ராத்திரி பால் வரை வீட்டில் எல்லோரையும் “என்ன வேணும்?” என்று கேட்கிறவர்கள் நாம். உங்களை யாராவது அப்படிக் கேட்டால், “எனக்கென்ன, ஒண்ணும் வேண்டாம்” என்று பட்டென்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் யோசித்து, உள்ளதைச் சொல்லுங்கள்.